ஏபெல் அண்ணனா, தம்பியா?

பார்சிப்பனி, நியூஜெர்சி
2 அக்டோபர் 2024

அன்புத் தங்கை நாகமணிக்கு,

அண்ணன் கிட்டுசாமி எழுதுவது. நானும் வசந்தாமணியும் பையன் செழியன் வீட்டில் சௌகரியமாக இருக்கிறோம். அவளுக்கு முழங்கால், எனக்குச் சர்க்கரை, வேறு குறையில்லை. உன் காது மெஷின் இன்னும் விசிலடிக்கிறதா?

போனில் நான் கத்த வேண்டியிருக்கிறது. அப்படியும் கேட்கவில்லை என்று நீ ஸ்பீக்கரில் போடுகிறாய். நாம் பேசுவது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கேட்கிறது. எனக்கு அது சரிப்படவில்லை. காரணம் உனக்குத் தெரியும். அதனால் இனிமேல் தபால்தான்.

ரிட்டயர் ஆனதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே பக்கத்தில் ஒரு பழைய வீட்டுக்குப் போய், வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறேன். கர்னல் ஜோசையா பெல்டன் என்பவர் வாழ்ந்த வீடு. அமெரிக்கா சுதந்திரத்துக்குச் சண்டை போட்டபோது படையில் இருந்தவர், பிறகு அரசியலுக்குப் போனவர். இந்த ஊரிலேயே பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. அந்த வீட்டின் பொறுப்பாளர் டோரத்தி, வருகிறவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்களே, தமிழில் ஒரு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டாள். நாற்பது வருஷம் பாலத்துக்கும் சாலைக்கும் படம் போட்டவனிடம் போய்த் தமிழ் கேட்டால் என்ன வரும்? வந்ததை இத்துடன் வைத்திருக்கிறேன். கோபியில் இருபது வருஷம் பிள்ளைகளின் தமிழைத் திருத்திய கை உன்னுடையது. இதையும் திருத்து.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்
கிட்டுசாமி


கேட்டி, டெக்சாஸ்
15 அக்டோபர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகமணியின் வணக்கம். இங்கே எல்லோரும் நலம். அண்ணியின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள். கிரெடிட் கார்டு விளம்பரங்களுக்கு நடுவில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் மெயில் பாக்ஸ் பக்கத்திலேயே நின்று பிரித்துவிட்டேன். எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் ஏதோ கெட்ட செய்தி என்று நினைத்து ஓடி வந்தாள்.

ஒரே பக்கத்தில் பதினேழு ஒற்றுப் பிழை. அதை விடுங்கள். ‘கர்னல்’ என்று ஒன்பது இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். சேனாபதி என்று நல்ல சொல் இருக்கும்போது கர்னல் எதற்கு? அந்தப் பெயரில் என் வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக ஒரு சொல்லையே தள்ளி வைப்பீர்களா? எங்கள் பையன் இளமாறன் கல்யாணத்தன்று ஆரம்பித்தது. வருகிற தையோடு ஒன்பது வருஷம் ஆகப் போகிறது, நீங்களும் உங்கள் மாப்பிள்ளையும் ஒரு வார்த்தை பேசி. உங்கள் பேச்சு வந்தால் அவர் எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். இந்த வருஷம் தண்ணீர் அதிகமாகி இரண்டு கறிவேப்பிலைச் செடி அழுகிப் போயிற்று.

இன்னொன்று. ‘சகோதரர் ஏபெல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழில் யார் சகோதரர் என்று பேசுகிறார்கள்? அண்ணனா, தம்பியா, சொல்லுங்கள்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். வான்மதிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. பையன் ஈரோட்டுப் பக்கம், ஆஸ்டினில் வேலை. மார்ச் ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை, கேட்டியிலேயே. இந்தத் தடவை தாய்மாமன் இடம் காலியாக இருக்கக் கூடாது.

உங்கள்
நாகமணி


பார்சிப்பனி
30 அக்டோபர் 2024

அன்புள்ள நாகமணிக்கு,

இங்கே நலம். இலை உதிர்ந்து, தெரு முழுக்க இலை ஊதும் மெஷின் சத்தம். வான்மதி செய்தி கேட்டு வசந்தாமணி உடனே பாயசம் வைத்தாள். எனக்கு அரை டம்ளர்தான் கிடைத்தது. முப்பத்து மூன்று வயதுக் குழந்தைக்கு என் ஆசீர்வாதம்.

மார்ச்சில் இங்கே பனி இருக்கும். விமானத்தை நம்ப முடியாது. பார்க்கலாம்.

ஏபெல் விஷயத்தை டோரத்தியிடம் கேட்டேன். கர்னல் தன் கடிதங்களில் ‘பிரதர் ஏபெல்’ என்றுதான் எழுதியிருக்கிறாராம். பெரியவரா சின்னவரா என்பது பற்றி இவர்களுக்குக் கவலையே இல்லை. நானாக யோசித்துத் தம்பி என்று போட்டுவிட்டேன். கதையைக் கேட்டால் நீயும் அப்படித்தான் போடுவாய்.

1780, ஜனவரி. அந்த மாதிரிப் பனி அதற்கு முன்பும் பின்பும் பெய்ததில்லை என்கிறார்கள். கர்னலின் ஆட்கள் முந்நூறு பேர் குன்றுக்கு அடியில் குடிசை போட்டு மாட்டிக்கொண்டார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏபெல் சறுக்கு வண்டிகளில் மாவு கொண்டுவர வேண்டும். குறித்த நாளில் வரவில்லை. மாவை எதிரிக்கு விற்றுவிட்டான் என்று கர்னல் மேலிடத்துக்கு எழுதிவிட்டார். பதினோராம் நாள் ஏபெல் வந்தார், மாவோடு. கால் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. அத்தனை பேர் முன்னால் கர்னல், இப்போது எதற்கு வந்தாய் என்று கேட்டார். ஏபெல் மாவை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனார். துரோகி என்ற பெயரோடு கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். கர்னல் சண்டையில் ஜெயித்து, சட்டசபைக்குப் போய், காங்கிரஸுக்கும் போய், மாடியில் இருக்கிற கட்டிலில் எழுபத்து மூன்று வயதில் செத்துப்போனார்.

ஏபெலைப் பற்றி அவர் எழுதியதில் ஒரு வரி: ‘என் வீட்டின் விளக்கை யார் கையிலிருந்து வாங்கினேனோ, அந்தப் பிரதர்.’ கீழ்த்தளத்தில் ஒரு பித்தளை விளக்கு இருக்கிறது. இனிமேல் அதைக் காட்டி, இது தம்பி கொடுத்தது என்று சொல்லப் போகிறேன்.

அன்புடன்
அண்ணன்


கேட்டி
14 நவம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். எனக்குக் கண்ணில் புரை வந்திருப்பதாக டாக்டர் சொல்கிறார். காதுக்குத் துணையாகக் கண்ணும் கிளம்பிவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை.

கர்னல் வரலாறு எழுதச் சொன்னால் நீங்கள் ஏபெல் வரலாறு எழுதுகிறீர்கள். ஒரு பக்கத்தில் முக்கால் பக்கம் பனிதான் இருக்கிறது. அந்த மனிதர் சட்டசபையில் என்ன செய்தார் என்று ஒரு வரி உண்டா?

எனக்கு நீங்களும் அவரும் காலேஜ் நாளில் சனிக்கிழமை சாயங்காலம் கோவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவது நினைவுக்கு வருகிறது. நான் பாவாடை தாவணியில் கடைக்குப் போகிற மாதிரிப் போய் நிற்பேன். எவ்வளவு கூட்டமானாலும் நீங்கள் உட்கார்ந்துதான் வந்திருப்பீர்கள். சேனாபதி ஓடிப்போய் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு உங்களுக்கு இடம் பிடித்துவிடுவான் என்று அம்மாவிடம் பெருமையாகச் சொல்வீர்கள். அப்போது ஒருவரையொருவர் வாடா போடா. எனக்குக் கல்யாணமான அன்றைக்கு அவர் மாப்பிள்ளை ஆனார், நீங்கள் மச்சான் ஆனீர்கள், நடுவில் மரியாதை வந்து உட்கார்ந்தது. என்னைக் கட்டிக் கொடுத்து உங்கள் சிநேகிதனை இழந்தீர்களோ என்று சில சமயம் தோன்றும்.

பத்திரிகை அச்சுக்குப் போயிருக்கிறது. நீங்கள் வராவிட்டால் வான்மதிக்கு மாலை போட வேறு யாரையும் நிறுத்த மாட்டேன். மாமன் மாலை இல்லாமலே நடக்கட்டும்.

உங்கள்
நாகமணி


பார்சிப்பனி
7 ஜனவரி 2025

அன்புள்ள நாகமணிக்கு,

கண் எப்படி இருக்கிறது? இரண்டு மாதமாக எழுதாததற்குச் சாக்குச் சொல்ல மாட்டேன்.

பத்திரிகை வந்தது. தாய்மாமன் கிட்டுசாமி என்று தங்க எழுத்தில் இருக்கிறது. கவரைக் கவிழ்த்து உதறிப் பார்த்தேன். உள்ளே ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கும் என்று நினைத்தேன். விலாசம்கூடக் கம்ப்யூட்டரில் அடித்தது. நம் வழக்கத்தில் வீட்டுக்கு வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, வாங்க மச்சான் என்று கூப்பிட வேண்டும். டெக்சாஸிலிருந்து அதற்காக வரச் சொல்லவில்லை. ஒரு வரி.

கர்னல் சட்டசபையில் என்ன செய்தார் என்று கேட்டாயே. ஊரை விட்டுப் போனவர்கள் எல்லோரும் திரும்பி வரலாம், அவர்களைத் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார். பெரிய மனசு என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. எத்தனையோ பேர் திரும்பி வந்தார்கள், ஏபெல் வரவில்லை. சட்டம் போட்டுக் கூப்பிட்டார், கடிதம் போட்டுக் கூப்பிடவில்லை. கர்னல் இறந்த பிறகு அவர் மேஜையில் ஒரு தாள் கிடைத்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே வரி: ‘பிரதர், பாதை திறந்திருக்கிறது.’ கையெழுத்தில்லை, அனுப்பவுமில்லை.

இதற்கு மேல் எழுதினால் உன் கண்ணுக்குக் கஷ்டம்.

அண்ணன்


கேட்டி
28 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகமணி சொல்ல, எழுதப்படுவது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சில வாரங்களுக்குப் படிக்கவும் எழுதவும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். உங்கள் பழைய கடிதங்களையும் மறுபடி ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். அண்ணியின் நலம் எழுதவும்.

விளக்கு விஷயத்தில் ஒரு திருத்தம். வீட்டின் விளக்கு என்றால் அது பித்தளை விளக்கு அல்ல, பெண்டாட்டி. ஒருவன் தன் வீட்டு விளக்கைத் தம்பி கையிலிருந்து வாங்க மாட்டான். ஏபெல் தம்பி இல்லை. மச்சான்.

இப்படிக்கு
நாகமணி


பார்சிப்பனி
5 பிப்ரவரி 2025

அன்புள்ள நாகமணிக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. கண்ணைக் கசக்காதே.

டோரத்தி சர்ச் பதிவேட்டைத் தேடி எடுத்தாள். கர்னலின் மனைவி ஏபெலின் தங்கை. அந்தக் காலத்தில் மச்சானையும் பிரதர் என்றுதான் எழுதுவார்களாம். மூன்று மாதமாகப் பித்தளை விளக்கை ஊராருக்குக் காட்டிக்கொண்டிருந்த முட்டாள் நான். அந்தச் சொல் என் கண் முன்னாலேயே இருந்தும் கைக்கு வரவில்லை.

எழுதிக் கொடுத்தவருக்கு என் நன்றியைச் சொல். ‘ழ’வின் வாலை இப்படிச் சுழித்து மேலே கொண்டுபோகிறவர் ஒருவரைத்தான் எனக்குத் தெரியும். ஹாஸ்டலில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது, நான் சொல்லச் சொல்ல அந்தக் கைதான் அம்மாவுக்குக் கடிதம் எழுதியது. நான் சொல்லாததையும் சேர்த்து எழுதியதாக அம்மா அப்புறம் சொன்னாள்.

அந்தக் கைக்கு உரியவர்தான் உனக்குப் படித்துக் காட்டுவார் என்பதால் இதை எழுதுகிறேன். இளமாறன் கல்யாணத்துக்கு நான் வேண்டுமென்று தாமதமாக வரவில்லை. சனிக்கிழமை காலை ஏர்போர்ட்டுக்குப் போனவன். அன்றைக்கு இரண்டடி பனி, எல்லா விமானமும் ரத்து. வசந்தாமணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால் நான் மட்டும்தான். மாமன் சீர்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் ஒரு நாற்காலியில் இருந்தேன். பட்டு வேட்டி, தேங்காய், வெல்லம். பாதுகாப்புச் சோதனையில் தேங்காயை மூன்று தடவை மெஷினில் விட்டுப் பார்த்தார்கள். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு மண்டப வாசலில் இறங்கினேன். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் நின்றார்கள். அப்போது கேட்டது: “முகூர்த்தம் உங்களுக்காக நிக்குமாங்க மச்சான்?” என் இடத்தில் யாரோ நின்று என் மருமகனுக்கு மாலை போட்டிருந்தார்கள். தட்டை வாசல் மேஜையில் வைத்துவிட்டு வந்த டாக்ஸியிலேயே திரும்பினேன். அன்று எனக்கு அழுகை வந்தது நாகமணி. அதை இதுவரை வசந்தாமணியிடம்கூடச் சொன்னதில்லை.

அண்ணன்


கேட்டி
14 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாகமணி சொல்ல, எழுதப்படுவது. கண் தேறி வருகிறது. அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் மாப்பிள்ளை கடிதத்தைப் படித்துக் காட்டினார். பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வர நேரமாயிற்று. அன்றைக்கு அவர் முகூர்த்தத்தைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப் பார்த்தார். ஐயர் கடிகாரத்தைக் காட்டினார், சம்பந்தி முகத்தைக் காட்டினார். பனி என்பது அவருக்கு டிவியில் பார்க்கிற சங்கதி. கிளம்ப வேண்டிய நேரத்தில் கிளம்பியிருந்தால் வந்திருக்கலாம் என்றுதான் நினைத்தார். அவருடைய

இனி ‘அவர்’ என்று எழுத எனக்குச் சலித்துவிட்டது. எழுதுவது யார் என்று உனக்குத் தெரியும்.

கிட்டு, உன் இடத்தில் யாரும் உட்காரவில்லை. மாலை போட்டவர் பக்கத்தில் நின்றுதான் போட்டார். மணமேடைக்கு வலப்பக்கம் உனக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தேன். கூட்டத்தில் எவனாவது வந்து உட்கார்ந்துவிடப் போகிறான் என்று என் தோளில் இருந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். நாகமணி என் தோளைப் பார்த்து, சரிகைத் துண்டு எங்கே என்று திட்டினாள். பந்தி முடிந்து நாற்காலிகளை அடுக்குகிற வரைக்கும் துண்டு அங்கேதான் கிடந்தது. நீ வாசலோடு போய்விட்டாய், பார்க்கவில்லை. வாசலில் நான் கேட்டது தப்பு. நாலு மணி நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்த கோபத்தில் கேட்டுவிட்டேன். அடுத்த நாளே போன் பண்ணியிருக்கலாம். மூத்தவன்தானே பண்ணட்டும் என்று இருந்தேன். உனக்கும் எனக்கும் பத்து நாள்தான் வித்தியாசம்.

பத்திரிகையில் பேர் போட்டால் போதும் என்று நினைத்தேன். அந்தக் கர்னல் மாதிரியே நினைத்திருக்கிறேன். போதாது. என் மகள் கல்யாணத்துக்கு வாடா.

சேனாபதி


கேட்டி
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

இது என் கையெழுத்துத்தான், கொஞ்சம் கோணலாக இருக்கும். இன்றைக்குத்தான் எழுத அனுமதி கிடைத்தது. வான்மதி நலம், புடவை ரவிக்கை அளவு சரியில்லை என்று தினமும் சண்டை.

எனக்கு ஒன்று புரியவில்லை. அவரை எழுதச் சொன்ன முதல் கடிதத்தில் நான் சொன்னது நலம் விசாரிப்பு மட்டும். இரண்டாவது கடிதத்தில் கண் தேறுகிறது, அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும், அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் தபாலில் போடும்போது கவர் தடிமனாக இருந்தது, இரண்டு ஸ்டாம்ப் ஒட்டினார். உங்கள் கடிதத்தை எனக்கு முழுசாகப் படித்துக் காட்டவும் இல்லை. பாதியில், மீதி வெதர் ரிப்போர்ட் என்று மடித்துவிட்டார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டால், “எங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும், உனக்கென்ன அம்மிணி” என்கிறார். உங்கள் பேச்சு வந்தால் இப்போது எழுந்து போவதில்லை. வாசலுக்குப் போய் மெயில் பாக்ஸைத் திறந்து பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமையும் பார்க்கிறார்.

நீங்கள் வருகிறீர்களா இல்லையா? எனக்கு அது ஒன்று தெரிந்தால் போதும்.

உங்கள்
நாகமணி


பார்சிப்பனி
26 பிப்ரவரி 2025

சேனாபதி,

நலம், நலமறிய ஆவல். இதை நாகமணி பிரித்தால் பிரிக்கட்டும், ஒளிக்க ஒன்றுமில்லை.

துண்டுப் பிரசுரம் புதிதாக அச்சாகி வந்துவிட்டது. தம்பி என்பதை எடுத்துவிட்டு மச்சான் ஏபெல் என்று போட்டிருக்கிறேன். கர்னல் என்ற இடத்தில் எல்லாம் சேனாபதி. டோரத்தி உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று படித்தேன். அந்த ஒற்றை வரித் தாளைப் பார்க்கையில் உன் நினைவு வந்தது. அந்த மனுஷனால் இருநூறு வருஷமாக ஒட்ட முடியாத ஸ்டாம்பை நீ ஒட்டிவிட்டாய்.

விமானத்தை நான் நம்பவில்லை. மார்ச் ஒன்றாம் தேதி காரில் கிளம்புகிறோம். செழியன் லீவு போட்டு டிரைவ் பண்ணுகிறான், வசந்தாமணி புளிச்சாதம் கட்டுகிறாள். நாலு நாள் பயணம், நாலாம் தேதி சாயங்காலம் உங்கள் வாசலில் இருப்போம். கல்யாணத்தன்று காலையில் கோடை நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுகிறார்களே, பஞ்சாங்கக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டு வை. எனக்குக் கவலையில்லை. தேங்காய் அங்கேயே வாங்கிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் செய். ஒன்பதாம் தேதி மேடைக்கு வலப்பக்கம் ஒரு நாற்காலி போட்டு, உன் தோளில் இருக்கிற துண்டை எடுத்து அதன்மேல் போட்டு வை. நான் வந்து நானே எடுத்துவிட்டு உட்காருகிறேன்.

கிட்டு